யூரியா போட்ட கட்டைவிரல்

என் மகன் வீட்டுக் கதவு என் சம்பந்தி ஹெர்பர்ட்டின் கட்டைவிரலுக்குத் திறக்கும். என் கட்டைவிரலுக்குத் திறக்காது. நான் பெற்ற மகன், அவன் வாங்கிய வீடு, அவன் மாட்டிய பூட்டு. யாருக்கு முதலில் திறக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

வீடு பெங்களூரை ஒட்டி, சந்தாபுரா பக்கம், எட்டாவது மாடி. நானும் என் வீட்டுக்காரி தனக்கோடியும் ஆனேக்கலில் இருந்த எங்கள் இரண்டு அறை வீட்டைப் பூட்டிவிட்டு, போன தீபாவளியிலிருந்து இங்கே இருக்கிறோம். மகன் கார்த்திகேசன் வாசல் சாவியை இரண்டு தடவை தொலைத்தான். இனி சாவியே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகேஷ் என்று ஒருவன் வந்து, பழைய பூட்டைக் கழற்றிவிட்டுக் கறுப்பாக ஒரு பெட்டியைக் கதவில் மாட்டினான். விரலை வைத்தால் திறக்குமாம். விரலை வெட்டி எடுத்துக்கொண்டு எவனாவது வந்தால் என்ன செய்யும் என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. நான் எதைக் கேட்டாலும் இந்த வீட்டில் அப்படித்தான்.

அன்றைக்கு மருமகள் லவினாவின் அப்பா ஹெர்பர்ட்டும் சாப்பிட வந்திருந்தார். ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். முப்பத்தைந்து வருடம் காகிதத்தைத் தவிர வேறு எதையும் தொடாத கை. "டாடி, நீங்களும் வச்சிடுங்க, அடிக்கடி வர்றீங்க இல்ல," என்றாள் லவினா. அவர் வைத்தார். பெட்டி உடனே ஒரு பாட்டுப் பாடியது.

நான் வைத்தேன். பெட்டி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது.

"இன்னா சொல்லுது?"

"திரும்ப வைக்கச் சொல்லுது மாமா."

திரும்ப வைத்தேன். வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தேன். ஊதிவிட்டு வைத்தேன். இடது கையை வைத்தேன். பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்தேன். பெட்டி அதே வார்த்தையையே சொன்னது. நாகேஷ் செல்போன் வெளிச்சத்தில் என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"யஜமான்ரே, இதுல கோடே இல்ல. எல்லாம் தேஞ்சு போச்சு. எங்க கெலசம்?"

எங்கே வேலை செய்தேன் என்று பாதிக் கன்னடத்தில் கேட்கிறான். "பீன்யாவுல ஃபேக்டரி. கிரைண்டிங். முப்பத்திரண்டு வருஷம்."

"அதான். கல்லு இரும்பை மட்டும் தேய்க்கல."

ஹெர்பர்ட் சோபாவில் சாய்ந்துகொண்டு சொன்னார். "பூட்டும் ஆளைப் பாத்துத்தான் தொறக்குது, சம்பந்தி."

எல்லாரும் சிரித்தார்கள். என் மகனும் சிரித்தான். எனக்கு வந்ததே கோபம்.

"இந்தக் கதவு என் வெரலுக்குத் தொறக்கலன்னா நான் இந்த ஊட்டுல இருக்கமாட்டேன். ஆனேக்கல் போயிடறேன்."

"நம்பர் போட்டாலும் திறக்கும் மாமா. ஆறே நம்பர்," என்றாள் லவினா.

"நம்பர் திருடனும் போடுவான். புள்ள ஊட்டுக்கு வர்றதுக்கு அப்பன் நம்பர் போடணுமா?"

நாகேஷ் சாமான்களைப் பையில் எடுத்து வைத்தான். பதினைந்து நாள் கழித்து இதே கட்டடத்துக்கு இன்னொரு வேலையாக வருவதாகவும், அப்போது திரும்பப் பார்க்கலாம் என்றும் சொன்னான். "அதுக்குள்ள கைக்கு டெய்லி ஏதாவது கிரீம் போடுங்க. தோல் மெத்துனு ஆனா கோடு மேல வரும்."

"பதினஞ்சாவது நாள் நானும் வரேன். இதைப் பாக்காம இருக்க முடியாது," என்றார் ஹெர்பர்ட்.

அறைக்குள் போனதும் தனக்கோடி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஆனேக்கலுக்கு நீ போ. நான் வரமாட்டேன். அங்க தண்ணி நாலு நாளைக்கு ஒருவாட்டி வருது. இங்க திருகினா கொட்டுது. உன் வெரலுக்காக நான் கொடம் தூக்கணுமா?"

எனக்குச் சோறு வடிக்கத் தெரியாது. அது அவளுக்கும் தெரியும். ஆனால் ஹெர்பர்ட் முன்னால் சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்வது எப்படி? ஆகவே அந்தப் பதினைந்து நாளில் என் விரலில் கோடு வந்தாக வேண்டும். வராவிட்டால் நான் மட்டும் ஆனேக்கலில் உட்கார்ந்து ரொட்டியும் டீயும் சாப்பிட வேண்டும்.

லவினாவுக்கு இதில் ஏக சந்தோஷம். அவள் குளியலறைத் தட்டில் பதினோரு பாட்டில் வைத்திருக்கிறாள். காலையில் ஐந்து, இரவில் ஆறு என்று வரிசையாகப் பூசுவாள். பூசும்போது யாராவது கதவைத் தட்டினால் அரை மணி நேரம் கழித்துத்தான் பதில் வரும். இத்தனை நாளாக இந்த வீட்டில் அவளிடம் யாரும் தோலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கென்று புதிதாக நான்கு பாட்டில் வாங்கி வந்தாள். எனக்கு ஆங்கிலம் படிக்க வராது என்பதால் காகிதத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதி ஒட்டினாள்.

"ஒண்ணு, கழுவறதுக்கு. நுரை வராது, அதுக்காக ஜாஸ்தி ஊத்தாதீங்க. ரெண்டு, கிரீம். ஒரு நாளைக்கு நாலு தடவை. மூணு, வெளிய போறப்போ வெயிலுக்கு. முகத்துக்கும் சேர்த்து. நாலு, படுக்கறதுக்கு முன்னாடி. கெட்டியா இருக்கும்."

"முகத்துக்கு எதுக்கு? மூஞ்சியை வச்சா கதவைத் தொறக்கப் போறேன்?"

"முகமும் தோல்தானே மாமா. கையோட சேர்ந்து அதுவும் நல்லா ஆகட்டும்."

"நுரை வராத சோப்பு இன்னா சோப்பு? எவனோ தண்ணியை அடைச்சு வித்திருக்கான்."

கார்த்திகேசன் இரண்டாம் நம்பரைக் கையில் எடுத்து அதன் முதுகில் இருந்த பொடி எழுத்தைப் படித்தான். "நைனா, இதுல யூரியா இருக்கு."

"வயலுக்குப் போடறதா?"

"அதேதான். சுத்தம் பண்ணி அளவா சேத்திருப்பாங்க. காஞ்ச தோலுக்கு நல்லதாம்."

எனக்கு நம்பிக்கையே இல்லை. நெல்லுக்குப் போடுவதை மனுஷன் தோலில் போடச் சொல்கிறார்கள், அதையும் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். தனக்கோடி அரிசியில் கல் பார்த்துக்கொண்டே சொன்னாள். "போட்டுக்க. இத்தனை வருஷத்துல உன்னாண்ட ஒண்ணும் மொளைக்கல. இப்பவாவது மொளைக்கட்டும்."

மறுநாள் காலையில் ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் போட்டுக்கொண்டு கீழே இளங்கோவன் டீக்கடைக்குப் போனேன். மூன்றாம் நம்பர் தேய்க்கத் தேய்க்க வெள்ளையாகவே நின்றது. இளங்கோவன் தர்மபுரிக்காரன், வாய் சும்மா இருக்காது.

"இன்னா பெரியவரே, கூத்து கட்டப் போறீங்களா?"

"வெயிலுக்குப் போட்டது. மருமவ வாங்கித் தந்தா."

"வெயிலு எங்க கீது?"

அண்ணாந்து பார்த்தேன். வானம் மூடிக்கிடந்தது. "அதைத்தான் நானும் கேட்டேன்," என்று சொல்லி டீயை வாங்கினேன். கிளாஸ் கையில் நிற்கவில்லை. சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு கீழே போய் உடைந்தது. டீ முழுக்க என் வேட்டியில்.

அது எனக்கு ஒரு எச்சரிக்கை. கிரைண்டிங் பட்டறையில் முதல் நாள் சொல்லித் தருவதே இதுதான்: பிசுக்குக் கையோடு மெஷினைத் தொடாதே. என்னோடு வேலை செய்த முனிகிருஷ்ணன் எண்ணெய்க் கையோடு கம்பியைப் பிடித்தான். வழுக்கியது. அப்புறம் அவனுக்கு வலது கையில் மூன்று விரல்தான். அதனால் நாங்கள் எதைத் தொடுவதற்கு முன்னும் கையைச் சுத்தம் செய்வோம். கிருஷ்ணாயிலில் நனைத்து, மரத்தூள் போட்டுத் தேய்த்து, சோப்புத்தூளில் கழுவ வேண்டும். கையோடு கையைத் தேய்த்தால் கிரீச்சென்று சத்தம் வர வேண்டும். சத்தம் வந்தால்தான் சுத்தம்.

அன்று முதல் எனக்கென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கிரீமைப் போட்டுவிட்டு நூறு எண்ணுவேன். மருந்து உள்ளே இறங்க நூறு போதும். ஊசி போட்டால் அதற்குக்கூட அவ்வளவு நேரம் ஆகாது. பிறகு சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருக்கும் பாத்திரம் தேய்க்கிற தூளை எடுத்துக் கிரீச்சென்று சத்தம் வரும்வரை தேய்த்துக் கழுவிவிடுவேன். ஒரு நாளைக்கு நாலு தடவை. ஒரு வேளை தவறவில்லை. இரவில் நாலாம் நம்பருக்கு மட்டும் இருநூறு எண்ணினேன், அது கெட்டி என்பதால்.

எட்டாம் நாள் லவினா என் கையைப் பிடித்துப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் வெடித்து, ஒரு வெடிப்பில் இரத்தம் கசிந்திருந்தது. அவள் முகம் மாறிவிட்டது.

"மாமா, நீங்க போடறதே இல்ல."

"போடறேன். பாட்டிலைப் பாரு."

பாட்டில் பாதி காலி. அவள் செல்போனை எடுத்து எதையோ தேடினாள். எனக்கு அந்த கிரீம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று தோழிக்குப் போன் செய்தாள். யூரியா அதிகமோ என்றாள். நான் முதலிலேயே சொன்னேன் என்றேன். அப்போது தனக்கோடி சமையலறையிலிருந்து காலிப் பாக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மாசத்துக்கு ஒரு பாக்கெட் பாத்திரத் தூள் வாங்குவோம். எட்டு நாள்ல மூணு பாக்கெட் போயிருக்கு. இந்த ஊட்டுல யாரு இதைத் தின்றாங்க?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"கிரீம் போட்டுட்டு இன்னா பண்றே?" என்று கேட்டாள் தனக்கோடி.

"கழுவறேன்."

"எதுல?"

"கையை எதுல கழுவுவாங்க?"

லவினா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "மாமா, கிரீம் போடறதே அது கையிலயே இருக்கறதுக்குத்தான்."

"அதை நீ சொல்லலியே."

"அதையும் சொல்லணும்னு எனக்குத் தெரியாம போச்சு."

"பிசுக்கோட எப்படிம்மா இருக்கறது? எதைப் புடிச்சாலும் வழுக்குது."

"எதையும் பிடிக்காதீங்க. நீங்க ரிடையர் ஆயிட்டீங்க," என்றாள்.

சொன்னது உண்மைதான். ஆனால் அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

மீதி ஏழு நாள்தான் இருந்தது. தனக்கோடி தூள் பாக்கெட்டை எங்கேயோ ஒளித்துவிட்டாள். லவினா புதிய சட்டம் போட்டாள். கழுவுவது ஒன்றாம் நம்பரில் மட்டும். கையில் ஈரம் காய்வதற்குள் இரண்டாம் நம்பர். அதற்கு மேல் ஒரு மணி நேரம் கையை மூடி வைக்க வேண்டும். மூடுவதற்குக் கார்த்திகேசன் ஆபீசுக்குப் போடும் சாக்ஸ் இரண்டைக் கொடுத்தாள். துவைத்ததுதான். இருந்தாலும் சாக்ஸ் சாக்ஸ்தான்.

சாக்ஸ் போட்ட கையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், மனுஷனுக்கு எத்தனை இடத்தில் அரிக்கிறது என்று தெரியும். மூக்கு அரித்தது. முதுகு அரித்தது. டிவியில் கன்னடச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, மாற்ற முடியவில்லை. தனக்கோடி டீயை எதிரில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஆறிப் போகும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை அப்படி உட்கார்ந்திருக்கும்போது கதவு பாட்டுப் பாடியது. ஹெர்பர்ட் உள்ளே வந்தார். பெல் அடிக்கவில்லை, கூப்பிடவில்லை. அவர் விரல், அவர் கதவு. என் எதிரில் வந்து நின்று கையைப் பார்த்தார்.

"சம்பந்தி, சாக்ஸ் கால்ல போடறது."

"தெரியும்."

"இல்ல, பீன்யாவுல எப்படியோன்னு கேட்டேன்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பஞ்சு விரலால் சேனலை மாற்றி, கிரிக்கெட் வைத்துக்கொண்டார். பிறகு என் டீயைப் பார்த்தார். "குடிக்கலியா? ஆறிப் போவுதே," என்று எடுத்து அவரே குடித்தார்.

"ஆனேக்கலுக்கு மூட்டை கட்டியாச்சா?"

"இன்னும் நாலு நாள் கீது."

"சும்மா சொன்னேன் சம்பந்தி. யாரு போகச் சொன்னா? நம்பரைப் போட்டுக்குங்க. இதுல இன்னா மானம் போவுது?"

நல்லவிதமாகத்தான் சொன்னார். அதுதான் அதிகம் சுட்டது. எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்று போனால், சாக்ஸ் கையில் கைப்பிடி சுற்றிச் சுற்றி வந்தது. அவர்தான் எழுந்து வந்து திறந்துவிட்டார்.

பதினைந்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் ஒன்று, இரண்டு, சாக்ஸ். லவினா வந்து சாக்ஸைக் கழற்றி, காய்ந்த துணியால் துடைத்து, விரலை வெளிச்சத்தில் பார்த்தாள். எனக்கும் காட்டினாள். கட்டைவிரலில் மெல்லிசாக, வளைந்து வளைந்து, ஏதோ இருந்தது. முப்பது வருடமாக அது எங்கே போயிருந்ததோ.

அறைக்குள் போனால் கட்டிலில் ஒரு பை. என் சட்டை இரண்டு, வேட்டி இரண்டு, மாத்திரை டப்பா. தனக்கோடியின் துணி ஒன்றுகூட அதில் இல்லை.

"இன்னாது இது?"

"வெரல் வரலன்னா சாயங்காலத்துக்குள்ள கெளம்பு. ஞாயித்துக்கிழமை ஆனேக்கல் பஸ்ல கூட்டம் ஜாஸ்தி. நின்னுக்கினே போவணும்."

ஹெர்பர்ட் சர்ச்சிலிருந்து இஸ்திரி போட்ட சட்டையோடு நேராக வந்துவிட்டார். கீழே வேலையை முடித்துக்கொண்டு பதினொரு மணிக்கு நாகேஷ் வந்தான். பெட்டியில் எதையோ அழுத்தி, "வைங்க யஜமான்ரே," என்றான்.

வைத்தேன். பெட்டி அதே ஆங்கிலம்.

இன்னொரு தடவை. அதே ஆங்கிலம்.

எனக்குக் கட்டிலில் இருந்த பை ஞாபகம் வந்தது. ஆனேக்கல் வீட்டில் அடுப்பு எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. மூன்றாம் தடவை விரல் நுனி வெள்ளையாகும்படி அழுத்தினேன்.

நாகேஷ் என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினான். "ஸ்வல்ப லேசா வைங்க. இது கிரைண்டிங் இல்ல. ஈ உக்காருற மாதிரி வைக்கணும்."

என் கைக்கு லேசு தெரியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூங்குகிற குழந்தை நெற்றியைத் தொடுவதுபோலத் தொட்டேன். பெட்டி ஒரு சத்தம் போட்டது. "இன்னொண்ணு," என்றான் நாகேஷ். தொட்டேன். "இன்னொண்ணு." ஆறு தடவை தொட்டேன். ஆறாவதில் பெட்டி பாடியது.

வெளியே போய் நின்று கதவைச் சாத்தச் சொன்னேன். விரலை வைத்தேன். திறந்தது. சாத்தினேன். திறந்தது. நாலு தடவை திறந்து நாலு தடவை உள்ளே வந்தேன். ஹெர்பர்ட் எழுந்து வந்து கை கொடுத்தார். கொடுத்தவர் என் கையை விடாமல், "மெத்துனு கீதே," என்றார். பையை எடுத்துத் துணியை அலமாரியில் வைக்கும்படி தனக்கோடியிடம் சொன்னேன். "நீயே வை," என்றாள்.

நாகேஷ் பேனாவைச் சட்டையில் சொருகிக்கொண்டே சொன்னான். "டெய்லி போடணும் யஜமான்ரே. நிறுத்தினா திரும்ப தேஞ்சு போகும். அப்புறம் கதவு கேக்காது."

"எத்தனை நாளைக்கு?"

"கதவு இருக்கற வரைக்கும்."

நான் அதை யோசித்துக்கொண்டிருக்கும்போது அவன் சமையலறைப் பக்கம் திரும்பினான். "அம்மாவுக்கும் பாத்துடலாமா? அன்னைக்கு அவங்களதும் வரலியே."

"எவங்களது?" என்றேன்.

"இவங்கதான். நீங்க கீழ போயிருந்தப்ப, உங்களுக்கு முன்னாடியே வச்சுப் பாத்தோம். வரல."

தனக்கோடி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வெளியே எட்டிப் பார்த்தாள். "எனக்கு வேணாம்பா. நம்பர் தெரியும். காய் வாங்கினு வந்தா அதைத்தான் போடறேன்."

"என்னாண்ட சொல்லவே இல்லியே," என்றேன்.

"எங்க சொல்றது? நீ கத்திக்கினு இருந்தே. நாப்பது வருஷமா அந்தத் தூள்ல பாத்திரம் தேய்க்கற கை. எனக்கு வராதுன்னு வைக்கறப்பவே தெரியும்." சொல்லிவிட்டுக் குழம்பைப் பார்க்கப் போய்விட்டாள். லவினா என்னைப் பார்த்தாள். கார்த்திகேசன் தரையைப் பார்த்தான். ஹெர்பர்ட் கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பதினைந்து நாளில் நான்கு பேரும் என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் மத்தியானம் இரண்டரை மணிக்கு டீக்கடையிலிருந்து வந்தேன். விரலை லேசாக வைத்தேன். கதவு பாடிக்கொண்டு திறந்தது. கதவருகில் ஒருவரும் இல்லை. லவினா தன் அறையில் கம்ப்யூட்டரோடு பேசிக்கொண்டிருந்தாள். தனக்கோடி கூடத்தில் சோபாவில் படுத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. எப்படித் தூங்குவாள்? நான் ஒரு நாளைக்கு ஐந்து தடவை கீழே போய் வருவேன். ஐந்து தடவையும் பெல் அடிப்பேன். ஐந்து தடவையும் அவள்தான் ஈரக் கையோடு வந்து திறப்பாள்.

கதவு எனக்குத் திறந்ததை யாரும் பார்க்கவில்லை. சொல்வதற்கும் யாரும் இல்லை. பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டுப் பெல் அடித்தேன்.

கொண்டை அவிழ்ந்து தொங்க, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து திறந்தாள்.

"வெரல் வரலியா?"

"வந்துச்சு."

"அப்புறம் இன்னாத்துக்கு பெல் அடிச்சே?"

"நீ உள்ள கீறியான்னு பாத்தேன்."

"நான் எங்க போவேன்? போறதா இருந்தா உள்ளயிருந்து கதவு எல்லாருக்கும் தொறக்கும்." கொட்டாவி விட்டாள். "பேஜார் பண்ணாம உக்காரு. நாலு மணி வரைக்கும் என்னை எழுப்பாதே."

திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் ஒன்றாம் நம்பரில் கழுவி, இரண்டாம் நம்பரை எடுத்துக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். என் கைக்குப் போட்டது போகக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவள் வலது கை சோபாவிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தேன். என்னுடையதைவிட மோசம். மிச்சத்தை அதில் தேய்த்தேன்.

"கையை விடு," என்றாள், கண்ணைத் திறக்காமலே. வலது கையை இழுத்து வயிற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

இடது கை வெளியே இருந்தது. அதில் போட்டேன்.